கடல் மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் தைராய்டு குறையுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41, எடை 62 கிலோ. தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். நான் ஏலத்தில் மீன் எடுத்து ராமநாதபுரத்தில் விற்கிறேன். ஒரு வருடமாக உடம்பெல்லாம் அசதி. மலச்சிக்கல், முடி கொட்டுகிறது, சித்திரை வெயிலிலும் ராத்திரி போர்வை கேட்கிறது. மாதவிலக்கு வந்தால் எட்டு, ஒன்பது நாள் நிற்பதில்லை. விரல்கள் மரத்துப்போகின்றன, ஐஸில் கை வைப்பதால் என்று இருந்துவிட்டேன். ரத்தம் 9.4 கிராம்தான் என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் 268 என்று கொழுப்பு மாத்திரையும் எழுதினார்கள், அதை இன்னும் வாங்கவில்லை. ஒரு லேபில் டி.எஸ்.எச். 21.2, ஃப்ரீ டி4 0.68 என்று வந்தது. தைராக்சின் 50 கொடுத்தார்கள். காலையில் மூன்று மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பும்போது, அந்த மாத்திரை, சத்து மாத்திரை, முடிக்கு வாங்கிய பயோட்டின் மூன்றையும் டீயோடு போட்டுவிட்டுப் போவேன். 18 நாள் கழித்து வேறு லேபில் பார்த்தால் டி.எஸ்.எச். 17.2, ஃப்ரீ டி4 9.8. ஒன்று குறையவே இல்லை, இன்னொன்று பதினைந்து மடங்கு ஏறிவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். தினமும் கடல் மீன் சாப்பிடுகிற எங்களுக்கு எப்படி இது வரும்? உப்பளத்து உப்புதான் வீட்டில். மாமியார் கடற்பாசிப் பொடி சாப்பிடு, சரியாகும் என்கிறார். ஆயுசுக்கும் மாத்திரை என்கிறார்களே, உண்மையா? 19 வயது மகளுக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். தைராய்டு சுரக்கிற ஹார்மோனின் அளவைக் காட்டுகிற உங்கள் ஃப்ரீ டி4 பதினைந்து மடங்கு ஏறவில்லை. முதல் லேப் அதை ஒரு அலகில் அச்சிட்டிருக்கிறது, இரண்டாவது லேப் வேறு அலகில். ரிப்போர்ட்டை எடுத்து எண்ணுக்குப் பக்கத்தில் பாருங்கள். முதலாவதில் நானோகிராம்/டெசிலிட்டர் என்று இருக்கும், இரண்டாவதில் பிகோமோல்/லிட்டர் என்று இருக்கும். முதல் எண்ணைச் சுமார் 12.9 ஆல் பெருக்கினால் இரண்டாவது வகைக்கு வரும். அப்படியென்றால் உங்கள் 0.68 என்பது 8.8. அது 9.8 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பல லேப்களில் இதற்கு இயல்பு அளவு ஏறக்குறைய 12 முதல் 22 வரை. ஆக இரண்டு ரிப்போர்ட்டிலும் அது குறைவாகத்தான் இருக்கிறது. மாத்திரை லேசாக வேலையைத் தொடங்கியிருந்தது, நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற அலகையும் இயல்பு அளவையும் விட்டுவிடுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். படித்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நல்லவேளையாக டி.எஸ்.எச்.சுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மைக்ரோ யூனிட்/மில்லி என்று போட்டாலும் மில்லி யூனிட்/லிட்டர் என்று போட்டாலும் எண் ஒன்றுதான். ஆகவே 21.2இலிருந்து 17.2க்கு இறங்கியது அலகு மாறியதால் வந்தது அல்ல. ஆனாலும் இனிமேல் ஒரே லேபிலேயே பாருங்கள். லேபுக்கு லேப் கருவி மாறும், அதோடு அளவும் சற்று மாறும்.

இந்த டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு அது. ஆள் வேலையில் சுணங்கினால் சம்மாட்டியின் (படகு முதலாளியின்) குரல் உயர்வதுபோல, தைராய்டு சுரப்பது குறையக் குறைய டி.எஸ்.எச். ஏறும். அதனால்தான் "டி.எஸ்.எச். கூட" என்றால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். பெரியவர்களுக்கு இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை. வயதானால் சற்றுக் கூடுதலாக இருப்பதும் உண்டு.

இந்த ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஃப்ரீ டி4ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச். ஏறி ஃப்ரீ டி4 இறங்கியிருந்தால் அது முழுமையான தைராய்டு குறைபாடு. உங்களுக்கு இருப்பது இதுதான், சந்தேகமே இல்லை, மருந்து தேவை. டி.எஸ்.எச். மட்டும் லேசாக ஏறி, உதாரணமாக 6 அல்லது 7 என்று இருந்து, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அது வேறு கதை. அதில் பாதிப்பேருக்கு மேல் அவசரப்படத் தேவையே இருக்காது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். 10ஐத் தாண்டினால், அல்லது கர்ப்பம், குழந்தைக்கான முயற்சி, தெளிவான அறிகுறிகள், தைராய்டு தாக்கப்படுவதைக் காட்டும் ஆன்டி டி.பி.ஓ. எதிர்ப்பணு இவை இருந்தால் மருத்துவர் மாத்திரை பற்றி யோசிப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு "தைராய்டு" என்று சொல்லி மாத்திரை வேண்டாம் என்றார்களே, உனக்கு ஏன் தருகிறார்கள் என்று யாராவது கேட்டால் இதுதான் காரணம். தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 அளவு பெரும்பாலும் கடைசிவரை இயல்பாகவே இருக்கும். "டி3 நார்மல்" என்று பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், அதற்கு இந்த நோயைக் கண்டறிவதில் பெரிய மதிப்பு இல்லை.

இனி மாத்திரை ஏன் "வேலை செய்யவில்லை" என்பது. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

தைராக்சினின் பாதி அளவு உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் டி.எஸ்.எச். தன் உண்மையான இடத்துக்கு இறங்கும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் பார்க்கிற டி.எஸ்.எச். ஏமாற்றும். 18ஆவது நாளில் பார்த்த ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த காசு வீண் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது அந்த மூன்று மணி டீ. தைராக்சினும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, தைராக்சின் குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். கால்சியம் மாத்திரையும் இப்படித்தான், வயிற்றெரிச்சலுக்குப் போடுகிற ஜெல், கேஸ் மாத்திரை சிலவும் இப்படித்தான். டீயும் காப்பியும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும். நீங்கள் விழுங்கிய 50 மைக்ரோகிராமில் எவ்வளவு உள்ளே போனதோ! அதே டீ இரும்புச்சத்தையும் உறிஞ்ச விடாது. ஆக இரண்டு மாத்திரையையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, ஒன்றையொன்று தடுக்கும்படி போட்டிருக்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மாத்திரைக் கவரில் "காலை 1" என்று எழுதுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

உங்கள் நாளுக்கு ஏற்ற ஒழுங்கு ஒன்று சொல்கிறேன். அலாரம் அடித்து எழுந்தவுடன், பல் துலக்குவதற்கும் முன்பே, வெறும் தண்ணீரில் தைராக்சின் மட்டும். பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், டீ வேண்டாம். கிளம்புகிற அவசரத்தில் டீ இல்லாமல் முடியாது என்றால் வேறு வழியும் இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். அதுவும் சமமான பலன் தரும். ஆனால் மூன்று மணிக்கு எழுகிறவர் ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டரைக்குப் படுத்துவிடுவார், அதனால் உங்களுக்கு எழுந்தவுடன் போடுவதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு நாள் தைராக்சின் மறந்துவிட்டால் நினைவு வந்தபோது போடலாம், அதற்காகக் கலங்க வேண்டாம்.

பயோட்டினை நிறுத்துங்கள். முடி கொட்டுவது தைராய்டு குறைந்ததாலும் ரத்தம் குறைந்ததாலும், பயோட்டின் குறைந்ததால் அல்ல. அதைவிட முக்கியம், மெடிக்கலில் விற்கிற அதிக அளவு பயோட்டின் பல லேப் கருவிகளின் முடிவைக் குழப்பும். டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும் ஃப்ரீ டி4 கூடுதலாகவும் காட்டும். நோய் இருக்கிறபோதே ரிப்போர்ட் நன்றாக இருப்பதுபோல் தெரிந்துவிடும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பாவது அது நின்றிருக்க வேண்டும். பரிசோதனைக்கு வெறும் வயிறு அவசியமில்லை. ஆனால் டி.எஸ்.எச். நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், மதியத்துக்கு மேல் குறைவாக இருக்கும், அதனால் எப்போதும் காலையிலேயே கொடுங்கள். அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

நீங்கள் தனித்தனியாக எழுதிய தொல்லைகளில் பல ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகும். ரத்தம் அதிகம் போனால் 9.4 வரும். ரத்தம் குறைந்தது என்று இரும்பு கொடுப்பார்கள், அது தைராய்டு மாத்திரையைத் தடுக்கும், மாதவிலக்கு அப்படியே நீளும். நீங்கள் இந்தச் சுற்றில்தான் மாட்டியிருக்கிறீர்கள். விரல் மரத்துப்போவதும் ஐஸால் மட்டும் இருக்காது. தைராய்டு குறைவில் மணிக்கட்டுக்குள் வீக்கம் ஏற்பட்டு நரம்பு அழுந்தும். ராத்திரி தூக்கத்தில் கை மரத்து, எழுந்து உதறினால் சரியாகிறதா, பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும்தானா என்று கவனியுங்கள். ஆம் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஐஸ் மீது பழி போட வேண்டாம். மாதவிலக்கு மட்டும் தைராய்டு சரியான பிறகும் நீண்டால் கர்ப்பப்பையையும் பார்க்க வேண்டும், 41 வயதில் அதைத் தள்ளிப்போடக்கூடாது.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் அவசரம் வேண்டாம். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து வெளியேற்றும் வேகம் குறையும், 268 அதனாலேயே இருக்கலாம். தைராய்டு சரியாகாமல் கொழுப்பு மாத்திரை ஆரம்பித்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல். உங்களுக்குச் சர்க்கரை, இதய நோய் எதுவும் எழுதவில்லை. அப்படியானால், மருந்து எழுதிய மருத்துவரிடமே "தைராய்டு குறைவு இருக்கிறது, அது சரியான பிறகு கொலஸ்ட்ராலை மறுபடி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். எடையில் மட்டும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தைராய்டால் ஏறுவது இரண்டிலிருந்து நான்கு கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும்.

இப்போது மீன். "நாங்க தெனம் மீனு திங்கிறோம், எங்களுக்கு எப்படி?" என்று பாம்பனிலிருந்து தொண்டிவரை எல்லாருமே கேட்கிறார்கள். கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. கடல் மீனில் அயோடின் உண்டு, தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். ஆனால் இன்று நம் பகுதியில் பெரும்பாலோருக்குத் தைராய்டு குறைவது அயோடின் போதாமல் அல்ல. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கி மெல்ல மெல்ல அழிப்பதால். 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை சிகிச்சை மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டுகளை ஆராய்ந்து இதை எழுதினார், அவர் பெயரிலேயே அழைக்கிறோம். ஆன்டி டி.பி.ஓ. என்பது இந்தத் தாக்குதலின் அடையாளம். அதை ஒரு முறை பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் "ஃபுல் தைராய்டு பேக்கேஜ்" எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டாம், எண் கூடினாலும் குறைந்தாலும் சிகிச்சை மாறாது.

உப்பு பற்றி உங்கள் வீட்டில் இருக்கிற நம்பிக்கை தவறு. கடல் தண்ணீரில் இருந்து வந்த உப்பு என்பதால் அதில் அயோடின் இருக்கும் என்று நினைக்கிறார்கள். வெயிலில் காய்ச்சி எடுக்கிற உப்பில் அது மிகமிகக் குறைவு. அயோடின் சேர்த்த உப்பில் வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. கடையில் அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கும், தூளுப்புக்கு மாறத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கிற உப்பளத்து உப்பைக் கருவாடு போட வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு, குறிப்பாக மகள் நாளை கர்ப்பமாகப் போகிறவள் என்பதால், அயோடின் உப்பு. உங்கள் நோய் இதனால் தீராது. ஆனால் வீட்டுக்கு அது தேவை.

மாமியார் சொல்லும் கடற்பாசிப் பொடி வேண்டவே வேண்டாம். அன்போடு சொல்லியிருப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் அயோடின் ஏராளம். அளவுக்கு மிஞ்சிய அயோடின் ஏற்கெனவே தாக்குதலில் இருக்கிற தைராய்டை இன்னும் சுருட்டி உட்கார வைத்துவிடும். அயோடின் குறைந்தாலும் தைராய்டு குறையும், கூடினாலும் குறையும். நோன்பு நேரத்தில் கீழக்கரைப் பக்கம் செய்கிற கடல்பாசி இனிப்பை ஒரு துண்டு சாப்பிடுவதில் தவறில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் எல்லாம் வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிடலாம். மீனை நிறுத்தாதீர்கள்.

ஆயுசுக்கும் மாத்திரையா? உங்களைப் போல அளவு தெளிவாக விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆம். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இதை நோய்க்குக் கொடுக்கிற விஷமாக நினைக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. தைராய்டு சுரக்கிற அதே ஹார்மோனைத்தான் மாத்திரையாகத் தருகிறோம். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் இந்தக் குறைபாடு முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். அவருக்கு ஆட்டின் தைராய்டு தேவைப்பட்டது, நமக்கு டப்பாவில் வருகிறது.

இனி மாத்திரையின் அளவு. முழு அளவு தேவைப்படுகிற ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது ஒரு கணக்கு. உங்கள் எடைக்கு அது ஏறக்குறைய 100 வரும். முதலில் 50இல் தொடங்கி ஏற்றுவதும் ஒரு முறைதான், உங்கள் மருத்துவர் தவறு செய்யவில்லை. இதய நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் 12.5, 25 என்று இன்னும் குறைவாகத் தொடங்குவோம். நீங்களாக 100ஐ வாங்கிப் போடக்கூடாது. அவர் சொன்ன 50ஐ இந்த ஒழுங்கில் மறுபடி தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பார்த்து, ரிப்போர்ட்டோடு அவரிடமே போங்கள். அளவு நிலைக்கும்வரை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இப்படி. நிலைத்த பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். அசதி குறைய சில வாரம், முடிக்குப் பல மாதம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை இறங்குவது வந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே காட்டுங்கள்.

மாத்திரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தகரக் கொட்டகைக்குள், அடுப்புக்கு மேலே அலமாரியில் என்றால் இன்றே மாற்றுங்கள். வெக்கையும் ஈரமும் பட்டால் தைராக்சின் சத்து குறையும், நம் கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அது வந்த டப்பாவிலேயே மூடி இறுக்கி, வீட்டில் நிழலான இடத்தில். மீன் கூடையோடு எடுத்துப் போகிற பையில் முழு டப்பாவும் வேண்டாம். கம்பெனி மாற்றி மாற்றி வாங்காமல் ஒன்றிலேயே இருங்கள். மாற வேண்டி வந்தால் ஆறு வாரத்தில் ஒரு முறை டி.எஸ்.எச். பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது என்பதால் இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இது மலிவான மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே வாங்கலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டினால் போதும், தனியாக ஹார்மோன் நிபுணரைத் தேடி மதுரைக்கு ஓட உங்களுக்கு இப்போது காரணமில்லை. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, குரல் மாறிக்கொண்டே போனாலோ ஸ்கேன் தேவை. அப்படி எதுவும் இல்லாமல் தைராய்டு குறைவு என்பதற்காக மட்டும் ஸ்கேன் தேவையில்லை. ஒருவர் உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் மயக்கமாகவே கிடந்து, மூச்சும் நாடியும் மெதுவாகிறது என்றால் அது உயிருக்கு ஆபத்து, உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரையை மாதக்கணக்கில் நிறுத்திய வயதானவர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும்.

மகளைப் பற்றி. இந்த நோய் குடும்பத்தில் ஓடும், பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதற்காக வருடா வருடம் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. அவளுக்கு உங்களைப் போல அசதி, மாதவிலக்கு மாற்றம், கழுத்தில் வீக்கம் இருந்தால் ஒரு டி.எஸ்.எச். பாருங்கள். கல்யாணம் முடிந்து குழந்தைக்கு யோசிக்கும்போது கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் முதல் மூன்று மாதம் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். ஏற்கெனவே தைராக்சின் போடுகிற பெண் என்றால், நாள் தள்ளிப்போனதும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அளவைக் கால்பங்குக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், அடிக்கடி பரிசோதிக்கவும் வேண்டும். மகள் இப்போதே மாத்திரை எதுவும் போட வேண்டாம். உங்கள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம்.